உழைப்பாளியின் உறக்கமும் மூளைத் தெளிவும்

மும்பை மாநகரம் கண் விழிப்பதற்கு வெகு நேரம் முன்னதாகவே மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அடுப்புகள் மூட்டப்பட்டு விடுகின்றன. இக்குடியிருப்பிலும் இதனை ஒட்டிய தாராவியின் தமிழர் தெருக்களிலும் இட்லி அவித்து விற்பதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. காலையில் ஊறப்போட்டு மாலையில் அரைத்துப் புளிக்கவைத்த மாவைப் பெண்கள் பின்னிரவில் தட்டுகளில் வார்க்கத் தொடங்குகின்றனர். பொழுது புலர்ந்ததும் ஆடவர்கள் இட்லி, வடை, சட்டினிப் பாத்திரங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஊதலை ஒலித்தவண்ணம் நகரின் பல திசைகளுக்கும் செல்கின்றனர். விற்று முடிந்து திரும்பியபின் பாத்திரங்களைத் துலக்க வேண்டும். மறுநாளைக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் வாங்க வேண்டும். மாவு அரைக்க வேண்டும். படுக்கும்போது இரவு பத்து மணியாகி விடுவதுண்டு. எழ வேண்டியதோ இரண்டு அல்லது மூன்று மணிக்கு.

இத்தகைய வாழ்க்கை நடத்துபவர் ஒருவர் சில்லறையைத் தவறாக எண்ணிக் கொடுத்தாலும், சொன்னதை மறந்தாலும், அற்பக் காரியத்திற்குச் சீறி விழுந்தாலும், அவரைச் சுற்றியுள்ளோர் அதனை மந்தபுத்தி என்றோ முன்கோபம் என்றோ கூறிவிடுகின்றனர். பள்ளியில் தூங்கி வழியும் சிறுவனைச் சோம்பேறி என்று சொல்வது அதனினும் எளிது. ஆனால் மூளையின் இயக்கத்தை ஆராய்ந்தோர் இக்குறைகளுக்கு வேறொரு காரணத்தைக் காட்டுகின்றனர். அக்காரணம் பெரும்பாலும் உறக்கக் குறைவேயாகும்.

மூளை நலத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வெளியாகும் அறிவுரைகளைப் படிப்போர், வல்லாரையையும் பாதாம் பருப்பையும் சொற்புதிர்களையும் பற்றியே மிகுதியாகக் காண்பர். அவற்றை உண்பதாலோ விடுவிப்பதாலோ தீங்கு ஒன்றும் இல்லை. எனினும், இரவில் நான்கு மணி நேரம் உறங்கும் ஒருவருக்கு வல்லாரையால் விளையக்கூடிய நன்மையைக் காட்டிலும், இன்னும் ஒன்றரை மணி நேரம் அமைதியான உறக்கம் கிடைப்பதால் விளையும் நன்மை மிகப் பெரிது என்பதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார்.

உறக்க அழுத்தம்

வளர்ந்த மனிதனின் மூளை உத்தேசமாக 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் ஓயாது ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதே இச்செலவுக்குக் காரணம். சக்தி செலவாகுந்தோறும் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள இதன் அளவு கூடுகிறது; கண் இமைகள் கனக்கின்றன; கவனம் சிதறுகிறது. உறங்கும்போது அடினோசின் குறைந்து, காலையில் மூளை புதிதாகத் தன் வேலையைத் தொடங்குகிறது. இதனை உறக்க அழுத்தம் என்று கூறலாம்.

இதனோடு இணைந்து செயற்படுவது உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு திரள் உள்ளது. பகல் ஒளியைக் குறிப்பாகக் கொண்டு, உடல் எப்போது உறங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்பதை இது நிருணயிக்கிறது. இக்கடிகாரம் உயிரணுவினுள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னிரவு இரண்டு, மூன்று மணி இக்கடிகாரத்தின்படி உடல் மிகவும் தளர்ந்து கிடக்கும் நேரம். பிற்பகலிலும் அதைவிடச் சிறியதொரு தளர்ச்சி உண்டாகிறது. மதிய உணவே அதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்ணாதிருப்போருக்கும் அது வருகிறது.

தேநீர் இங்கே செய்வது என்ன? தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபீன், நரம்பணுக்களில் அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களைத் தான் போய் அடைத்துக்கொள்கிறது. ஆகவே உறக்க அழுத்தம் இருந்தும் அது உணரப்படுவதில்லை. கடன்காரர் வாசலில் நிற்கிறார். கதவு மட்டுமே சாத்தப்பட்டுள்ளது. உட்கொண்ட காஃபீனில் பாதி உடலிலிருந்து நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் தெருமுனையில் அருந்தும் ‘கட்டிங்’ தேநீர், பத்து மணிக்குப் படுப்பவரின் உறக்கத்தைக் கலைக்கும் வலிமை உடையது.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

ஏழை உழைப்பாளிகளின் உறக்கத்தைப் பற்றிய அரியதோர் ஆராய்ச்சி நம் சென்னை நகரிலேயே நடந்துள்ளது. ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு, கௌதம் ராவ் முதலிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. குறைந்த வருவாயுடைய 452 பேருக்கு ஒரு மாதகாலம் கணினியில் விவரங்களைப் பதியும் வேலை கொடுத்தனர். வேலையின் அளவுக்கு ஏற்பக் கூலி தரப்பட்டது. மணிக்கட்டில் கட்டிய சிறு கருவி ஒன்று ஒவ்வொருவரின் உறக்கத்தையும் அளந்து பதிவு செய்தது.

முதலில் வெளிப்பட்ட உண்மையே சிந்திக்கத் தக்கது. இவர்கள் இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தனர்; ஆனால் உறங்கியதோ சராசரி ஐந்தரை மணி நேரமே. மீதி நேரம் புரள்வதிலும் விழிப்பதிலும் கழிந்தது. ‘எட்டு மணி நேரம் படுத்தேன், ஆயினும் களைப்பு தீரவில்லை’ என்று உழைப்பாளி கூறுவது சாக்கு அன்று என்பதற்கு இக்கருவியே சாட்சி.

அடுத்து, சிலருக்கு இரவு உறக்கத்தை நீட்டிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கண்மறைப்பு, காதடைப்பான், விசிறி, படுக்கை முதலியன கொடுக்கப்பட்டன. உறக்கத்தின் அவசியம் எடுத்துரைக்கப்பட்டது. சிலருக்கு மிகுதியாக உறங்கியதற்குச் சன்மானமும் அளிக்கப்பட்டது. இதனால் இரவுக்கு 27 நிமிடம் உறக்கம் கூடியது. ஆனால், அறிஞர் பலர் எதிர்பார்த்ததற்கு மாறாக, இந்த 27 நிமிடங்களால் அவர்களின் வேலையிலோ சிந்தனைத் திறனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. மற்றொரு பிரிவினருக்கு நடுப்பகலில் அரைமணி நேரம் அலுவலகத்திலேயே அமைதியான இடத்தில் படுத்துறங்க வாய்ப்பளித்தனர். இவர்களிடம் மாறுதல் தெளிவாகத் தெரிந்தது. கவனம் கூர்மையுற்றது, மனநிலை தெளிந்தது, வேலை செய்யும் வேகம் கூடியது; பொறுமை வளர்ந்து, இவர்கள் சேமித்த தொகையும் மிகுந்தது.

இரவு உறக்கம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. துண்டு துண்டாகிய உறக்கத்தோடு இன்னும் சில துண்டுகளைச் சேர்த்தால் அது முழுமை பெறுவதில்லை என்பதே ஆராய்ச்சியாளர் தரும் விளக்கம். அமைதியான இடத்தில் கிடைத்த குறுகிய உறக்கமோ தரத்தில் மேம்பட்டிருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். உறங்கும் நேரம் வேலை நேரத்திலிருந்து கழிவதால், அந்த அரைமணியிலும் இடைவிடாது வேலை செய்தவர்களைவிட உறங்கியவர்களின் மொத்தக் கூலி சற்றுக் குறைவாகவே இருந்தது. உறங்காமல் வெறுமனே ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டபோதுதான் அவர்கள் மேம்பட்டனர். எனவே கூலி இழப்பின்றி அரைமணி ஓய்வு தருவது, தொழிற்கூடம் நடத்துவோர் செய்ய வேண்டிய ஏற்பாடாகும். தோலிலும் துணியிலும் இயந்திரத்திலும் கவனப் பிசகால் விரல் இழக்க நேரும் தொழில்கள் மிகுந்த தாராவி போன்ற இடத்தில் இது தயவு தாட்சணியத்தைச் சேர்ந்த விஷயம் அன்று.

விமானம் ஓட்டுவோருக்கு இவ்வுண்மை முன்னரே உணர்த்தப்பட்டுள்ளது. நீண்ட தூரம் பறக்கும் விமானிகளை அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாஸா ஆராய்ந்தபோது, 40 நிமிட ஓய்வு வாய்ப்புப் பெற்றவர்கள் அதில் சராசரி 26 நிமிடம் உறங்கினர். பின்னர் அவர்களின் விழிப்பும் செயல்திறனும் மேம்பட்டிருந்தன. விமானிக்கு நல்லதாக உள்ள ஒன்று இட்லி விற்பவருக்கும் தையற்காரருக்கும் நல்லதாகவே இருக்கும்.

இரவைக் கெடுப்பவை

உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சிறிது குறைய வேண்டும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தகரக்கூரை இரவில் அவ்வெப்பத்தைக் கீழே உமிழ்ந்துகொண்டிருக்கும்போது உடல் குளிர்வதெங்ஙனம்? மும்பையில் காற்றின் ஈரமும் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. கூரையின் மேற்புறத்தில் வெண்சுண்ணாம்போ வெண்ணிறப் பூச்சோ பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டு, அறையின் வெப்பம் சில பாகை குறைகிறது. ஆமதாபாத் நகராட்சி 2017 முதல் எளிய மக்களின் வீட்டுக் கூரைகளில் இம்முறையைக் கையாண்டுள்ளது. செலவு குறைந்த வழிகளுள் இதற்கு ஈடானது வேறில்லை எனலாம். மழைக்காலத்திற்குப் பின் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருப்பது மட்டுமே இதன் குறை.

வெப்பத்திற்கு அடுத்த பகை ஒலி. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது. பகலில் 55 டெசிபல் வரை இருக்கலாம். சாதாரணப் பேச்சொலியே ஏறக்குறைய 60 டெசிபல் என்பதை நினைத்தால், சுவருக்குச் சுவர் ஒட்டிய குடியிருப்பில் இவ்விதி எத்துணைக் கடினமானது என்பது விளங்கும். உறங்குபவர் விழித்தெழாவிடினும், ஒலி கேட்குந்தோறும் அவருடைய இதயத் துடிப்பு விரைவுபடுகிறது; ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை மேலோட்டமான உறக்கத்துக்கு ஏறி வருகிறது. ஒலியை அறவே ஒழிக்க இயலாவிட்டாலும், மாவு அரைக்கும் இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டாமல் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து இயக்கினால் பக்கத்து வீட்டுக்குச் செல்லும் அதிர்வு குறையும்.

கொசுவலையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலேரியாவிலிருந்து காப்பதோடு உறக்கத்தையும் அது காக்கிறது. குழாயில் நீர் வரும் நேரம் மட்டும் குடும்பத்தாரின் கையில் இல்லை. குறிப்பிட்ட சில மணி நேரமே நீர் வரும் தெருக்களில், அந்நேரம் விடியலுக்கு முன் அமைந்துவிட்டால், குடம் தூக்கிச் செல்லும் பெண்ணின் உறக்கமே முதலில் பலியாகிறது. குடிநீர் வழங்கும் நேரமும் மூளை நலத்தைச் சேர்ந்ததே என்பதை நகர நிருவாகிகள் கருத்திற் கொள்ளுதல் நன்று.

பகல் உறக்கத்தின் முறை

பின்னிரவில் எழுந்தே தீர வேண்டியவர் தம் உறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இரவில் கிடைக்கும் நான்கு ஐந்து மணி நேரத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைத்துக்கொள்வது முதன்மையானது. உடற்கடிகாரம் ஒழுங்கையே விரும்புகிறது. விற்பனை முடிந்து திரும்பியபின், ஒரு மணி முதல் மூன்று மணிக்குள்ளாக இரண்டாவது உறக்கம் அமையலாம். இரவில் ஓரளவு போதிய உறக்கம் பெற்றவருக்கு இருபது அல்லது முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் நீண்டால் மூளை ஆழ்ந்த உறக்கத்தில் இறங்கிவிடும். அந்நிலையில் எழுப்பப்படுபவர் சிறிது நேரம் தடுமாறுவார். இரவில் மிகவும் குறைவாக உறங்கியவர் ஒன்றரை மணி நேரம் படுப்பது பொருந்தும், ஏனெனில் உறக்கத்தின் ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய அவ்வளவு நேரமே. கண்ணின்மேல் கருந்துணி ஒன்று இருந்தால் பகல் ஒளி தடுக்கப்படும். மாலை நான்கு மணிக்குமேல் உறங்கினால் அது இரவு உறக்கத்திலிருந்து பறித்துக்கொண்டதாகவே முடியும்.

உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடைப்படுதலும் உள்ளவர்கள் எத்தனை மணி நேரம் உறங்கினாலும் தெளிவு பெறுவதில்லை. அது நோயாதலால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதுமையில் விளைவது

உறக்கக் குறைவின் தீங்கு மறுநாளோடு தீர்ந்துவிடுகிறதா என்பது ஆராயப்பட்டு வருகிறது. இங்கிலாந்தில் அரசாங்க ஊழியர் 7,959 பேரை இருபத்தைந்து ஆண்டுகள் கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2021-இல் வெளியாயிற்று. ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் உறங்கியவர்களைக் காட்டிலும் மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம் மிகுதியாகக் காணப்பட்டது. உறக்கக் குறைவே நோயைத் தோற்றுவித்தது என்று இதனால் மட்டும் நிலைநாட்டிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அறியப்படுவது. உறக்கத்தின்போது மூளையின் கழிவுப் பொருள்கள் கழுவி நீக்கப்படுகின்றன என்று 2013-இல் எலிகளைக் கொண்டு மைக்கன் நெடர்கார்டு குழுவினர் காட்டியது பெரும் புகழ் பெற்றது. ஆனால் 2024-இல் வேறொரு குழுவினர் எலிகளிடமே அதற்கு மாறான முடிவைக் கண்டமையால், இவ்விஷயத்தில் விவாதம் இன்னும் முடியவில்லை.

விவாதமின்றி ஏற்கப்பட்டுள்ள ஒன்று இரத்த அழுத்தம். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது ஓசையின்றிக் கெடுத்து, வாத நோய்க்கும் மறதி நோய்க்கும் வழி வகுக்கிறது. போதிய உறக்கம் இல்லாதவர்களிடம் அது உயர்வதும் மிகுதி. சீனாவில் 326 கிராமங்களைச் சேர்ந்த 33,995 பேரிடம் நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2025-இல் வெளியாயிற்று. உயர்ந்த படிப்பில்லாத கிராம வைத்தியர்களே மருந்து கொடுத்து இரத்த அழுத்தத்தை நன்கு குறைத்த கிராமங்களில், மறதி நோய் ஏற்படுவது 15 சதவீதம் குறைந்தது. பெரிய மருத்துவமனையும் விலையுயர்ந்த கருவியும் இன்றி மூளையைக் காக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. லேபர் கேம்ப்பில் வசிப்போருக்குத் தாராவியில் ‘சோட்டா சயான்’ என வழங்கும் நகர நல நிலையமும், சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. முப்பது வயது கடந்தவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து அறிதல் வேண்டும். உப்பு மிகுந்த ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைப்பதும், புகையிலையை—பல் துலக்கும் மிஸ்ரியாக இருப்பினும்—விட்டொழிப்பதும் இதில் அடங்கும்.

கவலையும் மொழியும்

பணக் கவலை மூளையின் தெளிவை எவ்வளவு மறைக்கிறது என்பதைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் அளந்து பார்த்துள்ளனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன், கையில் பணமில்லாத காலத்தில் ஒரு முறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்தில் மறுமுறையும் அறிவுச் சோதனைகள் கொடுக்கப்பட்டன. அதே மனிதர்கள் அறுவடைக்கு முன் குறைவான மதிப்பெண்ணே பெற்றனர். ஆனந்தி மணி முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் இதனை வெளியிட்டபோது, பணக் கவலையால் நேரும் இழப்பை ஓர் இரவு முழுவதும் உறங்காதிருப்பதால் நேரும் இழப்போடு ஒப்பிட்டனர். கவலையும் கண்விழிப்பும் ஒரே வீட்டில் கூடும்போது மூளை இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. நாள்வட்டிக் கடனைச் சிறுகச் சிறுகக் குறைக்க உதவும் மகளிர் சேமிப்புக் குழு போன்ற ஏற்பாடுகளை இக்கோணத்திலிருந்தும் நோக்குதல் தகும்.

லேபர் கேம்ப்பின் அன்றாட வாழ்வில் மூளைக்குத் துணை செய்யக்கூடிய ஒரு பழக்கமும் உண்டு. அதனை யாரும் பழக்கம் என்று எண்ணுவதே இல்லை. வீட்டில் தமிழ், வாடிக்கையாளரிடம் இந்தி, பக்கத்து வீட்டாரிடம் மராத்தி என்று நாள் முழுவதும் மொழி மாறி மாறிப் பேசுகின்றனர். ஒவ்வொரு முறையும் ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுக்க மூளையின் முன்பகுதி உழைக்கிறது. ஹைதராபாத்திலுள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 மறதி நோயாளிகளின் வரலாறுகள் ஆராயப்பட்டு, முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டோ அதற்கு மேற்பட்டோ மொழி பேசியவர்களுக்கு நோய் தோன்றியது சராசரி நாலரை ஆண்டுகள் பிந்தியே. பிற நாடுகளில் நடந்த சில ஆராய்ச்சிகள் இத்துணை வேறுபாட்டைக் காணவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எனினும் ஹைதராபாத் ஆராய்ச்சியில் ஒரு சிறப்பு உண்டு. பல மொழி பேசுவோர் கல்வி மிகுந்தவர்களாக இருப்பதால்தான் நோய் பிந்துகிறது என்ற ஐயத்தைப் போக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தனர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத அவர்களிடமும், இரு மொழி பேசியவர்களுக்கு நோய் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தது.